சேணமும் முதுகும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் பாடசாலை விடுமுறையொன்றில் பிள்ளைகளை நுவரெலியாவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வாவிக்கரையில் மட்டக்குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் ஓர் இளைஞர் எங்களை விடுவதாக இல்லை. "நானா, புள்ளய ஏத்துங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று பின்னாலேயே வந்தார். இளைய மகள் ஏறினாள். சுற்று முடிந்து அவர் சேணத்தைக் கழற்றி மறுபடி கட்ட முனைந்தபோது, கபில நிறமான அந்தக் குதிரையின் பிடரி மயிர் முடிகிற மேட்டின் இரு பக்கமும் உள்ளங்கையளவு வெள்ளை மயிர் தெரிந்தது. "வாப்பா, இதுக்கு ஏன் இந்த இடத்துல மட்டும் நரைச்சிருக்கு?" என்று மகள் கேட்டாள். பதில் சொன்னவர் அந்த இளைஞர்தான். "சேணம் கடிச்ச இடம் பாப்பா. எங்கிட்ட வாறதுக்கு முந்தியே இருந்திச்சு."

சேணம் கடிக்கும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். அந்த நாட்களில் காயல் துறைமுகத்துக் குதிரை வணிகம் பற்றி ஒரு கட்டுரைக்காகக் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருந்தமையால் அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது. என் குறிப்புப் புத்தகத்தில் கப்பல்கள் இருந்தன, துறைமுகங்கள் இருந்தன, விலை இருந்தது, ஆண்டுக்கு எத்தனை குதிரை என்ற கணக்கும் இருந்தது. குதிரையின் முதுகு ஓரிடத்திலும் இல்லை. ஊர் திரும்பியதும் அதே நூல்களை வேறு கண்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். எழுத நினைத்த கட்டுரை அத்தோடு நின்றுபோயிற்று. இது அதற்குப் பதிலாக எழுதப்படுவது.

நம்மில் பலருக்குத் தெரிந்த கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், அறாபியர் மஃபர் என்று அழைத்த பாண்டிய நாட்டுக் கரைக்குப் பாரசீகக் குடாவிலிருந்தும் தென் அறேபியாவிலிருந்தும் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. ஹோர்முஸ், கிஷ், ழபார், ஷிஹ்ர், ஏடன் ஆகிய துறைகளை மார்க்கோ போலோ பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பாண்டிய நாட்டை ஆண்ட ஐந்து சகோதரர்களில் ஒருவர் மாத்திரமே ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், மற்றவர்களும் அவ்வாறே வாங்குவதாகவும் எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் கணக்கு இன்னும் விரிவானது. கிஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் இப்றாஹீம் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்புவதென்று ஒப்பந்தம் இருந்தது. அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனிடம் அமைச்சராக இருந்தார். எல்லாத் துறைகளிலிருந்தும் போன குதிரைகள், அத்தாபேக் அபூபக்கர் காலத்தில், ஆண்டுக்கு 10,000. ஒரு குதிரை 220 செம்பொன் தீனார். ஆக மொத்தம் 22 இலட்சம் தீனார். வஸ்ஸாப் வரி நிருவாகத்தில் இருந்தவர். பெருக்கல் சரியாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சற்றுச் சந்தேகமும் இருக்கிறது.

இந்த எண்களை நமது எழுத்தாளர்கள் சலிக்காமல் எடுத்தாண்டிருக்கிறார்கள். நானும் எடுத்தாண்டிருக்கிறேன். நம் முன்னோர் கரையேறிய கதையில் குதிரைக்கு ஓர் அந்தஸ்து உண்டு. தமிழகத்தில் ஒரு முஸ்லிம் சமூகத்துக்கே குதிரைவீரன் என்ற பொருளில் இராவுத்தர் என்று பெயர். அருணகிரிநாதர் மயிலேறும் முருகனை இராவுத்தன் என்று அழைக்குமளவுக்கு அந்தச் சொல் தமிழுக்குள் மதிப்போடு புழங்கியது. இதிலெல்லாம் பெருமைப்படுவதில் பிழை இல்லை. ஆனால் அதே மார்க்கோ போலோவும் அதே வஸ்ஸாபும் அடுத்த பத்தியில் சொல்வதை நாம் மேற்கோள் காட்டுவதில்லை.

மார்க்கோ போலோ சொல்வது: வாங்கிய இரண்டாயிரத்தில் ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட மிஞ்சுவதில்லை. குதிரைக்கு லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் அந்நாட்டில் இல்லை. குதிரை விற்கும் வணிகர்கள் அத்தகையோரைக் கூட்டி வருவதில்லை; வேறு எவரும் அங்கே போகவும் விடுவதில்லை. குதிரைகள் சாகட்டும் என்பதே அவர்களது விருப்பம்.

வஸ்ஸாப் சொல்வது இதற்குக் குறைந்ததல்ல. வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த தானியத்தை நெய் கலந்து கொடுக்கிறார்கள், காய்ச்சிய பசும்பாலைப் பருக்குகிறார்கள். கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாட்கள் கயிற்றாலும் முளையாலும் கட்டிப்போடுகிறார்கள். பின்னர் பயிற்சி எதுவும் தராமல், அங்கவடியோ சவாரிக்குரிய ஏனைய சாதனங்களோ இல்லாமல், பேய்களைப் போல ஏறி ஓட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் மிக வலிய குதிரையும் ஒன்றுக்கும் உதவாததாகிவிடுகிறது. ஆகவே ஆண்டுதோறும் புதிய குதிரை தேவைப்படுகிறது. முஸ்லிம் நாடுகளின் வணிகர்கள் கொண்டுவருகிறார்கள். கடல் வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலம் விலை கொடுக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது.

வஸ்ஸாப் பாரசீகத்தில் இருந்துகொண்டு எழுதியவர். அவருக்கு இந்தச் செய்திகள் வணிகர்கள் வாயிலாகவே போயிருக்க வேண்டும். விற்றவன் சொல்லும் கதையில் வாங்கியவன்தான் மடையனாக இருப்பான் என்பதை மறந்துவிடக் கூடாது. பாண்டிய நாட்டின் வெப்பமும் தீனியும் நோயும் கொன்ற குதிரைகள் ஏராளமாக இருந்திருக்கும். இருந்தாலும் "சவாரிக்குரிய சாதனங்கள் இல்லாமல்" என்ற அந்தச் சொற்றொடர் என்னை விடவில்லை. தமிழில் சேணத்துக்குச் சொல் பஞ்சம் இல்லை. கலணை என்றார்கள், பல்லணம் என்றார்கள். பாரசீகத்து 'ஸீன்' கூடச் சீனி என்று வந்து சேர்ந்தது. இன்று சீனி என்றால் தேநீருக்குப் போடுவது மட்டுமே. சொல் இருந்தது, பொருளும் இருந்தது. ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் பிற்காலச் சிற்பிகள் பாயும் குதிரைகளை எவ்வளவு அலங்காரத்தோடு செதுக்கியிருக்கிறார்கள்! கல் குதிரைக்கு முதுகு புண்ணாவதில்லை. உயிருள்ள குதிரைக்கு அந்தச் சேணம் பொருந்தியதா என்பதே கேள்வி. பொருந்துவது என்றால் என்ன என்று தெரியாமல் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. எனவே கொஞ்சம் படித்தேன்.

குதிரையின் முதுகை ஒரு வீட்டுக் கூரையாக எண்ணிக்கொள்ளுங்கள். முகட்டு வளை முள்ளந்தண்டு. இரு புறமும் சரிந்திறங்குவது தசையும் அதன் கீழே விலா எலும்புகளும். பாரம் இருக்கவேண்டியது அந்தச் சரிவில். முகட்டில் ஒரு விரல் பாரமும் இருக்கக் கூடாது. முகட்டின் முன்முனையில், பிடரி மயிர் முடியும் இடத்தில், எலும்பு மேலெழுந்து நிற்கிறது. அதைத் தோள்மேடு என்று சொல்லலாம். அதன் மேல் தோலைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை. சேணத்தின் உள்ளே மரத்தாலோ இரும்பாலோ ஆன ஒரு சட்டம் இருக்கிறது. முன்னும் பின்னும் இரண்டு வளைவுகள், அவற்றை இணைத்து இரு புறமும் இரண்டு பலகைகள். முன் வளைவு ஒடுக்கமாக இருந்தால் தோள்மேட்டின் இரு பக்கத்தையும் இடுக்கிபோலப் பிடிக்கும். அகலமாக இருந்தால் சேணம் முழுவதும் கீழிறங்கி முள்ளந்தண்டின் மேல் உட்காரும். பலகைகள் முதுகின் வளைவோடு ஒத்துப்போகாவிட்டால் முன்முனையும் பின்முனையும் மட்டுமே படும், நடுவில் வெளிச்சம் தெரியும். மொத்தப் பாரமும் நான்கு புள்ளிகளில் இறங்கும். தொடர்ந்து அழுத்தப்படும் இடத்தில் இரத்தம் ஓடாது. தோல் சாகும். மறுபடி மயிர் முளைத்தால் வெள்ளையாக முளைக்கும். நிறம் தரும் உயிரணுக்களும் அந்த இடத்தில் செத்துவிடுகின்றன.

இன்னுமொன்று. முன்னே தோள்பட்டை எலும்பு ஒவ்வோர் அடிக்கும் பின்னோக்கி நகர்கிறது. சேணம் அதைத் தடுக்கக் கூடாது. பின்னே கடைசி விலாவுக்கு அப்பால் இடுப்பில் பாரம் ஏறக் கூடாது. குதிரைக்கு வழமையாக 18 சோடி விலா எலும்புகள். அறபுக் குதிரைகள் சிலவற்றுக்கு 17 மாத்திரமே. குட்டை முதுகு. அதன் மேல் நெடிய சேணத்தைப் போட்டால் இடுப்பில் ஏறிவிடும்.

மனிதன் இதைக் கண்டுபிடிக்க நீண்ட காலம் எடுத்தது. அல்தாய் மலையிலுள்ள பாஸிரிக் என்ற இடத்தில், பனியில் உறைந்த புதைகுழிகளைச் சோவியத் அகழ்வாய்வாளர் ருடென்கோ தோண்டியபோது, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக்கும் மூன்றாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட சேணங்கள் அழியாமல் கிடைத்தன. இரண்டு மெத்தைகள், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று, நடுவில் இடைவெளி. முகட்டில் பாரம் ஏறக் கூடாது என்பதை அந்த நாடோடிகள் அப்போதே அறிந்திருந்தார்கள். மரச்சட்டம் முழு வடிவம் பெற்றது பின்னர்தான். அங்கவடி அதற்கும் பின்னர், நாலாம் ஐந்தாம் நூற்றாண்டுகளில் சீனத்தில் தோன்றி மேற்கே நகர்ந்தது. ஆரம்ப கால இஸ்லாமியப் படைகளில் மர அங்கவடிகள் இருந்ததாகவும், அவை அடிக்கடி உடைந்தமையால் ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் தளபதி அல் முஹல்லப் இரும்பில் செய்யக் கட்டளையிட்டதாகவும் பழைய அறபு நூல்கள் சொல்கின்றன. அங்கவடி வந்ததும் சட்டம் இன்னும் முக்கியமாகிவிட்டது. வீரன் எழுந்து நின்று அம்பெய்யும்போது அவனது முழுப் பாரமும் அங்கவடி வார் தொங்கும் ஓர் இடத்தில் இறங்குகிறது. நல்ல சட்டம் அதை முதுகு நெடுகப் பரப்பும். கெட்ட சட்டம் ஒரே இடத்தில் குத்தும்.

அறபு நகரங்களில் சேணம் செய்பவர்களுக்கு ஸர்ராஜ் என்று பெயர். நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கும் சிராஜ் வேறு, அது விளக்கு. தஸவ்வுபின் மூலநூல்களுள் ஒன்றான கிதாபுல் லுமஃவை எழுதிய அபூ நஸ்ரின் பெயரோடு ஒட்டியிருப்பது இந்த ஸர்ராஜ்தான், சேணக்காரர் என்ற பொருளில். குதிரை வைத்தியத்துக்கு பைத்தரா என்றொரு தனி இலக்கியமே இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் இப்னு அகீ ஹிஸாம் எழுதினார். பதினாலாம் நூற்றாண்டில் மம்லூக் சுல்தான் நாஸிருக்காக அபூபக்ர் அல் பைத்தார் எழுதினார். அதாவது, காயலில் குதிரை இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், அக்குதிரையை உயிரோடு வைத்திருக்கும் அறிவு அறபு மொழியில் நூலாகவே இருந்தது. கப்பலில் குதிரை ஏறியது. அந்த அறிவு ஏறவில்லை. மார்க்கோ போலோ சொல்வது பாதி உண்மையென்றாலும், ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இதை எழுதும்போது எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிடுவதும் நேர்மையில்லை.

வஸ்ஸாப் சொன்ன நாற்பது நாளுக்கு வருகிறேன். இது என் ஊகம். கப்பலில் வாரக்கணக்கில் நின்று மெலிந்த குதிரையைக் கட்டிப்போட்டு நெய்யும் பாலும் கொடுத்தால் முதுகு அகன்று, தோள்மேடு தசைக்குள் அமிழ்ந்துவிடும். அந்த உருவத்துக்கு ஒரு சேணம் பொருந்தினாலும், படை நடந்து மூன்று வாரத்தில் கொழுப்புக் கரைந்து தோள்மேடு கத்திபோல வெளியே வரும்போது அதே சேணம் அதன் மேல் உட்கார்ந்துவிடும். பாண்டிய வீரன் சேணமே இல்லாமல் ஏறினான் என்றால் முள்ளந்தண்டின் மேல் நேராக உட்கார்ந்தான். சேணத்தோடு ஏறியிருந்தால், இரண்டு மாதத்துக்கு முந்திய குதிரைக்குப் பொருந்தும் சேணத்தில் உட்கார்ந்தான். இரண்டில் எது மோசம் என்று சொல்வது கடினம்.

ஊகத்தை ஊகமாகவே விட்டிருப்பேன். ஆனால் அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் இதே நாடகம் முழுப் பதிவேடுகளோடு மறுபடியும் அரங்கேறியது. பிரித்தானிய இராணுவத்தின் மிருக வைத்தியர் பிரெடெரிக் ஸ்மித் 1891 இல் சேணங்களையும் முதுகுப் புண்களையும் பற்றி மாத்திரம் ஒரு கைநூல் வெளியிட்டார். தோள்மேட்டை இடுக்கவோ அழுத்தவோ கூடாது, முள்ளந்தண்டில் பாரம் கூடாது, தோள்பட்டை தடையின்றி அசைய வேண்டும், இடுப்பில் பாரம் கூடாது, பாரம் தசையின் ஊடாக விலாவில் இறங்க வேண்டும் என்பவை அந்த இராணுவத்தின் பாடமாகவே ஆயின. மெலிந்த குதிரைக்குச் சேணத்தின் கீழுள்ள கம்பளத்தை எப்படி மடிப்பது என்பதற்கும் முறை இருந்தது. ஆளை ஏற்றிவிட்டுத்தான் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பதும் அறிந்ததே. வெறும் சேணம் எல்லாக் குதிரைக்கும் பொருந்துவது போலத்தான் தோன்றும்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1899 இல், தென்னாபிரிக்காவில் போயர்களுடன் போர் மூண்டது. ஆர்ஜென்டீனா, அமெரிக்கா, ஹங்கேரி, அவுஸ்திரேலியா என்று உலகமெங்குமிருந்து குதிரைகள் கப்பலேற்றப்பட்டன. இறங்கிய குதிரைகளை இளைப்பாற விடாமல் ரயிலேற்றிப் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1902 வரை அனுப்பப்பட்ட ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளில் ஏறத்தாழ 326,000 மாண்டன. அவற்றில் குண்டுபட்டவை சிறு பங்கு. பட்டினி, களைப்பு, நோய், தாங்க முடியாத பாரம், அவற்றோடு முதுகுப் புண். போர்ட் எலிசபெத் நகரில் 1905 இல் அந்தக் குதிரைகளுக்கு ஒரு நினைவுச்சிலை எழுப்பினார்கள். ஒரு சிப்பாய் முழந்தாளிட்டுக் குதிரைக்கு வாளியில் தண்ணீர் காட்டுகிறான்.

எதிரே நின்ற போயர்கள் பெரும்பாலும் விவசாயிகள். கைநூல் எதுவும் வாசிக்காதவர்கள். நின்ற இடத்திலெல்லாம் சேணத்தைக் கழற்றிக் குதிரையைப் புரளவும் மேயவும் விடுவது அவர்களுக்குச் சிறு வயதுப் பழக்கம். பிரித்தானியச் சிப்பாய்களில் பலர் குதிரை நின்ற பிறகும் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்மித் அந்தப் போரின் மிருக வைத்திய வரலாற்றையும் பின்னர் எழுதினார். அந்த இழப்புகளைப் படித்த பிறகு 1912 இல் வெளிவந்த சேண மாதிரியைப் பார்த்தால் ஒரு விடயம் புரிகிறது. அதில் இரு பக்கப் பலகைகளும் வளைவுகளில் அசையும்படி பூட்டப்பட்டிருந்தன. குதிரையின் முதுகு மாறிக்கொண்டே இருக்கும் என்பதை அப்போதுதான் சேணமே ஒப்புக்கொண்டது.

இந்தப் போர் நமக்கு அவ்வளவு தூரத்ததும் அல்ல. 1900 இல் இலங்கையிலிருந்து ஒரு குதிரைப்படைப் பிரிவு அங்கே சென்றது. அதே ஆண்டில் போயர் கைதிகள் இங்கே வந்தார்கள். தியத்தலாவையில் சுமார் 5,000 பேர், குதிரை இல்லாமல், முள்வேலிக்குள் இருந்தார்கள்.

குதிரை நமது நாட்டில் எப்போதும் அதிகாரியின் வாகனம்தான். நெடுந்தீவில் ஒல்லாந்தர் வளர்த்தவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் சேணமறியாமல் அலைகின்றன. நம்மவர்கள் முதுகில் பாரமேற்றி நடத்தியது மாட்டை. கரையிலிருந்து உப்பும் கருவாடும் புடைவையும் ஏற்றிக் கண்டிச் சீமைக்குப் போய், பாக்கோடு திரும்பிய தவளங்களை ஓட்டியவர்களில் முஸ்லிம்கள் கணிசமானோர். என் மூத்தவாப்பாவின் வாப்பாவும் அந்தத் தொழில் செய்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவரைப் பற்றி எனக்கு வந்து சேர்ந்தது ஒரேயொரு செய்தி. அந்தியில் பொதி இறக்கியதும், தான் முகம் கழுவுமுன், ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பாராம். சூடான இடம் இருந்தால் மறுநாள் அந்த மாடு வெறுமுதுகோடு நடக்கும். அதன் பொதியை மற்றவை பங்கிட்டுக்கொள்ளும். உம்மா இதைச் சொன்னபோதெல்லாம் அவரது இரக்க குணத்துக்கு உதாரணமாகவே சொன்னார். ஸ்மித்தை வாசித்த பிறகு எனக்கு அது கணக்காகவும் தோன்றுகிறது. அவர் தன் மாட்டைத் தானே வைத்திருந்தவர். விற்றுவிட்டுக் கப்பலேறியவர் அல்ல.

மறு ஆண்டும் நுவரெலியாவுக்குப் போனேன். அதே இளைஞர், அதே கபிலக் குதிரை. சேணத்தின் முன் வளைவுக்குள் கையை விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "நானா குதிர டாக்டரா?" என்று சிரித்தார். கட்டியிருந்த சேணத்தை எனக்காகத் தூக்கிக் காட்டினார். கீழே ஒரு கம்பளம், அதன் கீழே நான்காக மடித்த சாக்கு. தோள்மேடு வரும் இடத்தில் சாக்கைக் கத்தரித்து நீளவாக்கில் ஒரு வழி விட்டிருந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, "யாரு சொல்றது? புண்ணு இருந்த எடத்த விட்டுட்டு வெட்டினேன்" என்றார். அந்த மயிர் வெள்ளையாகவேதான் இருந்தது. புதிதாக எதுவும் இல்லை.

சேணத்தைத் திரும்பக் கட்டியதும் நான் கையை நீட்டினேன். அவர் தடுத்தார். "இப்ப பாத்து என்னா செய்றது? ஆள் ஏறுனப்புறம் பாருங்க நானா." மகளை ஏறச் சொன்னேன். மூன்று விரல்கள் தாராளமாக உள்ளே போயின.